இரண்டு விரல் அகலம்

கேசட் காலத்தில் ஒரு கலைஞரைப் பற்றி எழுத எனக்குக் கிடைத்த இடம் இரண்டு விரல் அகலம். இன்லே கார்டின் முன்பக்கம் படத்துக்கு, முதுகு தலைப்புக்கு, பின்மடிப்பு பாடல் வரிசைக்கு. உள்மடிப்பில் கம்பெனியின் மற்ற வெளியீடுகள் வரிசையாக வரும். அதற்குக் கீழே எஞ்சிய இடத்தில் எட்டுப் பாயின்ட் எழுத்தில் ஐந்து வரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கேசட் கம்பெனியில் அந்த ஐந்து வரியை எழுதுவதுதான் என் முதல் வேலை. இன்று இதற்குப் பிராண்டிங் என்று பெயர். ஒரு பாடகரை, வாத்தியக்காரரை, அவரைக் கேட்டிராத ஒருவர் கேட்க விரும்பும்படி சொல்வது எப்படி என்பதுதான் அன்றும் இன்றும் வேலை.

சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒரு தவறு செய்தேன். பக்திப் பாடல் பாடும் ஓர் அம்மாள், அச்சுக்குப் போகும் முன் கார்டை வாங்கிப் பார்த்தார். அதில் அவர் இரண்டு வருடம் பாடம் கேட்ட ஒரு பெரிய வித்வானின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் இருந்தால் கடைக்காரர்கள் எடுப்பார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. "எங்கம்மா பேரையும் போட்டுடுங்க தம்பி. வர்ணம் வரைக்கும் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். இடம் இல்லை என்றேன். உண்மையில் இருந்தது. "இசையுலகில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துள்ள" என்ற வரியை எடுத்திருந்தால் அந்தத் தாயின் பெயர் இரண்டு முறை போகும். அவர் "சரி" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த "சரி" இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகுதான் ஒன்று உறைத்தது. எம்.எஸ். என்று நாம் சொல்லும் இரண்டெழுத்தில் முதலெழுத்து மதுரை, இரண்டாவது சண்முகவடிவு. வீணை வாசித்த தாய். எம்.எல்.வி.யின் 'எல்' தாயார் லலிதாங்கி, அவரும் பாடகி. தாய்வழியாகக் கலை வந்த குடும்பங்களில் இனிஷியலே ஒரு வாழ்க்கைக் குறிப்பு. ஊர், ஆசிரியர், பரம்பரை மூன்றும் இரண்டு எழுத்தில் அடங்கிவிடும். ஆண் வித்வான்களுக்கு ஊரே போதுமானதாக இருந்தது. அரியக்குடி என்றால் ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி என்றால் சீனிவாச ஐயர். வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை. நம் இசையில் பிராண்ட் என்பது இன்று வந்ததாக நினைக்கும் இளைஞர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன். 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு நிறுத்தினார். தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவரில் அச்சாகும். அங்கே இருப்பவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டும். ஒரு தொழில்நுட்பத் தேவைக்காகச் சொன்ன பெயர், கேட்ட அத்தனை வீடுகளிலும் அவருடைய கம்பீரமாகப் பதிந்துவிட்டது.

எம்.எஸ். கதையை நான் இந்தத் தொழிலின் பாடநூலாக வைத்துப் படித்தேன். 'சேவாசதனம்' 1938-இல். 1940-இல் சதாசிவத்துடன் திருமணம். கல்கி இதழ் தொடங்கப் பணம் வேண்டியிருந்ததால் 1941-இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். 1945-இல் 'மீரா'. அதன் இந்தி வடிவத்தில் சரோஜினி நாயுடுவே திரையில் தோன்றி அவரை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். அதற்குப்பின் சினிமாவே இல்லை. பக்தையாக நடித்தவர் பக்தையாகவே நிலைத்தார். மேடையில் அமரும் முறை, பாட்டுகளின் தேர்வு, அறக்கொடைகளுக்காகப் பாடிய கச்சேரிகள், கடைசியில் ஒரு புடவை நிறத்துக்கே எம்.எஸ். நீலம் என்று பெயர் வந்தது வரை எல்லாம் ஒரே திசையில் போகின்றன. சதாசிவத்தைவிடத் தேர்ந்த கதைசொல்லி இந்தத் தொழிலில் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கதை ஒளி வீச வீச, மதுரையும் தேவதாசி மரபும் வீணை வாசித்த தாயும் பின்னுக்குப் போனார்கள். டி.ஜே.எஸ். ஜார்ஜ் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோது பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு கலைஞருக்காகக் கட்டப்படும் கதையில் எதை விடுகிறோம் என்பது எதைச் சொல்கிறோம் என்பதற்குச் சமமான முடிவு. அந்த முடிவை எடுப்பவர் கலைஞராக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எம்.எஸ். விஷயத்தில் எவ்வளவு அவருடைய முடிவு என்று வெளியில் இருக்கும் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'எஸ்' என்ற அந்த ஓரெழுத்து மட்டும் கடைசிவரை இருந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

கேசட் போய் சிடி வந்து அதுவும் போனபிறகு, சபாக்களின் டிசம்பர் மலர்களுக்குக் குறிப்பு எழுதினேன். இருபது குறிப்புகளை வரிசையாகப் படித்தால் பெயரை மறைத்துவிட்டு யார் யார் என்று சொல்ல முடியாது. ஐந்து வயதில் பாடத் தொடங்கினார். இன்னாரிடம் பயின்றார். வானொலியில் ஏ கிரேடு. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் சென்று வந்தார். இன்னின்ன விருதுகள். ஒவ்வொன்றும் கஷ்டப்பட்டு அடைந்த தகுதி, மதிக்க வேண்டியது. ஆனால் படித்து முடித்ததும் இந்த மனிதரின் பாட்டைக் கேட்க வேண்டும் என்று தோன்றாது. தகுதிப் பட்டியலில் காட்சி இல்லை. மனதில் ஒட்டுவது காட்சி.

அதனால் என் முறையை மாற்றிக்கொண்டேன். யார் வந்தாலும் முதல் சந்திப்பில் விருது, குரு எதுவும் கேட்பதில்லை. முடிந்தால் அவர்கள் சாதகம் செய்யும் இடத்துக்குப் போவேன். நீங்கள் பாடும்போது பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பேன். எந்தப் பாட்டைப் பாட இன்னும் பயம்? யார் இருந்தால் நன்றாக வாசிக்க வருகிறது? ஒரு முறை தொண்டை அடைத்தபோது என்ன செய்தீர்கள்? பெரும்பாலும் இரண்டு மணி நேரம் சாதாரணப் பேச்சாகப் போகும். டேப் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து செருப்பு மாட்டும்போதுதான், "இது ஒண்ணும் பெரிசா இல்ல சார், இருந்தாலும்..." என்று ஆரம்பிப்பார்கள். நான் மறுபடி உட்கார்ந்துவிடுவேன்.

அப்படித்தான் அந்த நாகஸ்வர இளைஞன் கிடைத்தான். தஞ்சை மாவட்டக்காரன், தாத்தா காலத்திலிருந்து வாசிக்கும் குடும்பம். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், மற்ற மாதங்களில் கோவில். தனிக் கச்சேரி வேண்டும், மக்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஏற்கெனவே யாரோ அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, எலக்ட்ரானிக் தாளத்தோடு சினிமாப் பாட்டு வாசிக்க வைத்து ஒரு வீடியோ எடுத்திருந்தார்கள். வாசிப்பு நன்றாக இருந்தது. அவன் மட்டும் அதில் இல்லை.

அவன் வீட்டுத் திண்ணையில் அரை நாள் பேசினோம். நரசிங்கம்பேட்டையில் செய்த வாத்தியம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். ஈரம் போய் மரம் முழுக்க வற்றியிருந்தால்தான் நாதம் நிற்கும். (அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) யாரோ ஒரு குடும்பம் சாய்ந்து உட்கார்ந்த தூண் இப்போது தோடி பாடுகிறது. இதையே கதையாக வைக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. ஆனால் அது வாத்தியத்தின் கதை. அந்த ஊரில் வாத்தியம் வாங்கிய எல்லோருக்கும் பொது.

கிளம்பும்போது சொன்னான்: "கல்யாணத்துல யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. கெட்டிமேளம்னு விரலைக் காட்டுறப்பதான் நாம இருக்கறதே ஞாபகம் வரும். ஆனா விடியக்காலையில வேற. நாலரை மணிக்கு மண்டபத்துல ஒருத்தரும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க. சமையக்கட்டுல மட்டும் காய் வெட்டிட்டு இருப்பாங்க. நான் பௌளி வாசிப்பேன். ஒரு தடவை மாஸ்டர் கரண்டியோட வந்து நின்னாரு. தம்பி, அந்த மேல போயி இறங்குனியே, அது இன்னொரு வாட்டின்னாரு."

எல்லாம் அதில் இருந்தது. கேட்பவர் இல்லாத இசை, எதிர்பாராத இடத்தில் ஒரு ரசிகர், விடியற்காலை. கண்ணாடியும் தாளமும் வேண்டாம் என்று சொன்னேன். வாரம் ஒரு நாள், வெளிச்சம் வருமுன், ஒரே ராகம், பத்து நிமிடம். பூபாளம், பௌளி, மலயமாருதம் என்று காலைக்குரியவை மட்டும். கேமரா நகராது. பின்னணியில் பாத்திரச் சத்தமோ காக்கையோ வந்தால் வெட்ட மாட்டோம். பதிவோடு அந்த மாஸ்டர் கதையை நான்கு வரியில் எழுதினேன். முதல் சில வாரம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் தளர்ந்தான். நானும் சந்தேகப்பட்டேன். பிறகு இரவுப் பணி முடித்து வரும் நர்ஸ்கள், பால் வண்டி ஓட்டுபவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் நேரத்துக்கு ஒருவன் வாசிக்கிறான் என்று உணர்ந்தவர்கள். ஒரு சபா அவனைக் காலைக் கச்சேரிக்கு அழைத்தது. அவன் அந்த மாஸ்டரைத் தேடிப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வைத்தான். அது என் யோசனை இல்லை, அவனுடையது.

இமேஜ் வேண்டும் சார், என்ன உடுத்தலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் கே.பி. சுந்தராம்பாளைச் சொல்வேன். 1933-இல் கணவர் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வெள்ளைக் கதருக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசி அழைத்தபோது ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். 1953-இல் ஔவையார், 1964-இல் கவுந்தி அடிகள். வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு, எதற்கும் வளையாத அந்தக் குரல். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஓர் இழப்பு உடையாகி, உடை வேடமாகி, வேடம் பாட்டுக்குள் இறங்கியது. அவருக்கு யாரும் மூட் போர்டு போட்டுக் கொடுக்கவில்லை. அந்த அளவு உண்மை எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் உடுப்புக்கு முன்னால் முடிவு வர வேண்டும் என்பது எல்லாருக்கும் பொருந்தும்.

இப்போது என்னை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். சிவகங்கைப் பக்கம் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடும் ஓர் அம்மா. நகரத்தில் ஒரு கலை விழாவுக்காக அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். போய்ப் பேசினேன். கணவர் இறந்தது, கடன், ஓலைக் கூரை, பிள்ளையைப் படிக்க வைக்கக் கூலிக்குப் போனது என்று எல்லாம் சொன்னார். கேட்டதால் சொன்னார். நான் உருகி எழுதினேன். மேடையில் தொகுப்பாளர் அதைக் குரல் தழுதழுக்கப் படித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் பாடினார். பாடி முடித்ததும் மறுபடி கைதட்டல். நிறையப் பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணீர் விட்டார்கள். ஒருவர் ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்தார்.

திரும்பும்போது வேனில் பேசாமல் வந்தார். மதுரை தாண்டியதும் சொன்னார்: "தம்பி, தட்டுனாங்கல்ல, அது என் பாட்டுக்கு இல்ல. நான் பாடுறதுக்கு முந்தியே தட்டிட்டாங்க."

பதில் சொல்ல முடியவில்லை. அன்று அவர் பாடிய மூன்றில் ஒன்று, அவர் பாட்டியிடமிருந்து வந்த, வேறு யாரும் பாடாத மெட்டு. அதைப் பற்றி நான் ஒரு சொல் எழுதவில்லை. எனக்கே அது தெரியாது, ஏனென்றால் கேட்கவில்லை. கஷ்டத்தைக் கேட்டேன். பாட்டைக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் வறுமைக் கதை மிக வேகமாக விற்கும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் அது எப்படிப் பயன்படுகிறது என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். கேட்பவர் பரிதாபத்தில் உட்கார்ந்துவிட்டால் ரசிகராக எழுந்து வருவது கடினம். பரிதாபப்பட்டவர் அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவதில்லை.

மறு வாரம் அவர் ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "என்ன எழுதணும்னு நீங்க சொல்லுங்கம்மா" என்றேன். வயலுக்குக் கூட்டிப்போனார். வரிசையில் நாற்பது பெண்கள் குனிந்து நடும்போது கடைசியில் இருப்பவளுக்குக் கேட்கும்படி எந்தச் சுருதியில் எடுக்க வேண்டும், சேறு ஆழமாக இருந்தால் பாட்டின் நடை எப்படித் தளரும், எந்த இடத்தில் பின்பாட்டுக்காரர்களுக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும், பொழுது சாயும்போது ஏன் மெட்டை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பாடிக்காட்டினார். முறையாகப் பயின்ற எந்த வித்வானுக்கும் குறையாத சாஸ்திரம். புதுக் குறிப்பு அங்கேதான் தொடங்கியது: நாற்பது பேரை ஒரே காலத்தில் நடக்க வைக்கும் குரல். கணவர் பெயரோ கூரையோ அதில் இல்லை. அவருக்குத் தெரிந்த மெட்டுகளின் எண்ணிக்கை இருந்தது. அதைச் சொல்லும்போது விரல் விட்டு எண்ணி, தோழிகளிடம் விசாரித்து, இரண்டு நாள் கழித்துச் சரிபார்த்துச் சொன்னார்.

அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம். எழுதியதைக் கலைஞருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் வெளியே அனுப்புவதில்லை. எந்த வரியையும் காரணம் சொல்லாமல் அவர் எடுத்துவிடலாம். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன், கதை கலைஞருடையது, நிறுவனம் மாறினாலும் அவரோடு போகும் என்று.

கதை யாருடையது என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதை 'என்ஜாய் எஞ்சாமி' எல்லாருக்கும் காட்டியது. 2021 மார்ச்சில் மஜ்ஜா வெளியிட்ட பாட்டு. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடினார்கள். தன் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகளிலிருந்து வந்ததாக அறிவு சொன்னார். நிலமில்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்ட மக்களின் கதைகள். அந்தப் பாட்டு உலகம் சுற்றியதற்கு மெட்டு எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அதன் பின்னால் ஒரு பாட்டி இருந்தது. சில மாதம் கழித்து ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் மற்றவர்கள் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். அதன்பின் அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அந்த விவாதத்தின் மற்ற அடுக்குகளுக்குள் நான் போகவில்லை. என் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்த முதல் அட்டையைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கேசட் அம்மாளின் நினைவு வந்தது. இடம் இல்லை என்று சொன்ன அதே கை.

இன்று இடம் நிறைய. ஸ்பாட்டிஃபையில் கலைஞர் குறிப்புக்கு 1500 எழுத்து. புதுப் பாட்டை அவர்களுடைய பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க 500 எழுத்து, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். தமிழில் எழுதினால் மெய்யின் புள்ளிகூடத் தனி எழுத்தாகக் கணக்கில் ஏறும் என்பதால் ஐந்நூறு என்பது முந்நூறு போலத்தான். நான் அதில் பாதியைப் பாட்டின் ஒரே ஒரு இடத்துக்குக் கொடுக்கிறேன். அந்த இரண்டாவது நிமிடத்தில் குரல் எங்கே உடைகிறது, ஏன் என்று. மீதிப் பாதி யாரிடமிருந்து அது வந்தது என்பதற்கு. விருதுகளுக்கு இடம் மிஞ்சினால் போடுவேன்.

போன மாதம் சிவகங்கை அம்மா போன் செய்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் புதுக் குறிப்பை ஆசிரியை படித்தாராம். ஒரு சிறுமி எழுந்து, நாற்பதாவது ஆளுக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டாளாம். இவர் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாகக் குனிந்து நிற்க வைத்து, ஒரு கோடியிலிருந்து பாடி, மறு கோடியிலிருந்து அந்தச் சிறுமியைப் பதில் எடுக்க வைத்தாராம். "கரெக்டா எடுத்தா தம்பி, நல்ல தொண்டை" என்றார். பிறகு, "அந்தக் காயிதத்துல ஒரு வரி சேக்கணும். எழுதிக்கிறியா?" என்று கேட்டார். பேனாவை எடுத்தேன். குலவை போடும்போது நாக்கை எப்படிப் புரட்ட வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.